புதினா வேர் நீரில் முந்துகிறதா, மண்ணிலா?

மாடித்தோட்டம்:
ஒரே செடியிலிருந்து வெட்டிய புதினாத் தண்டுகளில் பாதியைத் தண்ணீர்ப் புட்டியிலும், மீதியைச் செம்மண்ணும் தொழு உரமும் கலந்த தொட்டியிலும் வைத்தேன். பத்தாம் நாள் புட்டியில் வெள்ளை வேர்கள் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தன. தொட்டியிலிருந்து பிடுங்கிய தண்டில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே மண்ணைவிட, மண்ணின்றி ஊட்டக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில்தான் வேர் வேகமாக வளர்கிறது என்று கொள்ளலாம் அல்லவா?

செம்மண்:
அப்படிக் கொள்ள இயலாது. பிடுங்கும்போதே நுனிவேர்களும், வேரின் மேல் மயிர்போல் முளைக்கும் வேர்த்தூவிகளும் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன; நீங்கள் அளந்தது எஞ்சியதை மட்டுமே. அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர், பெட்டி மண்ணில் 4 மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கழுவியெடுத்து அளந்து 1937இல் வெளியிட்ட கணக்கின்படி, வேர்த்தூவிகளைச் சேர்க்காமலே மொத்த நீளம் சுமார் 620 கி.மீ. நாளொன்றுக்குச் சராசரியாக 5 கி.மீ. வளர்ந்ததை மெதுவான வளர்ச்சி என்பீர்களா?

நீர்வேர்:
அந்தக் கணக்கு மண்ணில் வேர் எவ்வளவு பரவும் என்பதைத்தான் காட்டுகிறது. அதே செடி கரைசலில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. மண்ணில் வேர்நுனி துகள்களை விலக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதால், மண் இறுகியிருந்தால் வேர் தடித்துக் குட்டையாகிவிடுகிறது. கரைசலில் அந்தத் தடையும் இல்லை, நீர்ப் பற்றாக்குறையும் இல்லை. காற்று மட்டும் போதுமான அளவு கிடைத்தால், ஒரு தனி வேரின் நீட்சி அங்கே முந்துவது இயல்பே.

செம்மண்:
அந்தக் காற்றில்தான் சிக்கலே இருக்கிறது. ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மி.கி. அளவுக்கு ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மி.கி. மட்டுமே. வெப்பம் கூடக் கூட வேரின் சுவாசத் தேவையோ ஏறுகிறது. சென்ற சித்திரையில் மின்வெட்டால், கரைசலுக்குக் காற்றூட்டும் என் பம்பு நின்றுபோனது. மூன்றாம் நாள் அதில் வளர்ந்த லெட்யூஸ் கீரையின் வேரைத் தொட்டபோது பழுப்பேறிய மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. அன்றைய வருத்தம் இன்னும் தீரவில்லை.

நீர்வேர்:
உங்கள் இழப்பு புரிகிறது. ஆனால் நீர் தேங்கிய மண்ணிலும் வேர் இதே போல் அழுகும் என்பதால், இதைக் கரைசலின் குற்றமாக மட்டும் கருத முடியாது. ஒன்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஊட்டம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்போது செடி வேருக்குக் குறைவாகவும் இலைக்கு அதிகமாகவும் செலவிடுகிறது. வேர்த்தூவிகளும் பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன. எனவே இலை செழித்திருப்பதை வைத்து வேரின் வேகத்தை முடிவு செய்வது தவறு.

செம்மண்:
இதை ஏற்கிறேன். கரைசல் வளர்ப்புக்கு இன்றும் வழிகாட்டியாக உள்ள கலவையைத் தந்த ஹோக்லண்டும் ஆர்னனும்கூட, 1938இல் தக்காளியை ஒப்பிட்டபோது, வளமான மண்ணின் விளைச்சலுக்கும் கரைசலின் விளைச்சலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே எழுதினார்கள்.

மாடித்தோட்டம்:
அப்படியானால் என் சோதனை முறையே பிழை. இம்முறை தொட்டியை வாளி நீரில் ஊறவைத்து, மண் தானாகக் கரைந்த பிறகே வேரை எடுக்கிறேன். புட்டிகளில் ஒன்றுக்கு மீன்தொட்டிப் பம்பு வைக்கிறேன். நீளத்தோடு, உலர்த்திய வேரின் எடையையும் பதிவிடுகிறேன்.