வால்வு, டிரான்சிஸ்டர், டிஜிட்டல்: உங்க ஆம்ப் கதையைச் சொல்லுங்க

மாடிரூம்_ஸ்ட்ராட்
போன மாசம் ஒரு ஸ்டூடியோவுல ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்ங்கற, கண்ணாடி வால்வு போட்ட கிட்டார் ஆம்ப் வாசிக்கக் கிடைச்சது. 22 வாட்தான். வால்யூம் 6-ல இருந்துச்சு. முதல் மீட்டலுக்கே என் பேன்ட் காலே படபடன்னு ஆடுச்சு, அதை விடுங்க. இன்னும் அரிச்சிக்கிட்டே இருக்கறது வேற விஷயம். கிட்டார்ல இருக்கற வால்யூமை 10-லிருந்து 5-க்கு இறக்கினேன். சத்தம்தான் குறையும்னு நெனச்சேன். சத்தம் கொஞ்சம்தான் குறைஞ்சது, ஆனா கரகரப்பு மொத்தமா விலகி, கோயில் மணி மாதிரி ஆயிடுச்சு. மறுபடி ஏத்திட்டு அழுத்தி மீட்டினா கரகரன்னு வருது, தடவினா போயிடுது. ஒரு பெடலைக்கூட மிதிக்கலை. வீட்டு டிஜிட்டல் ஆம்ப்ல அதே டீலக்ஸ் மாதிரி ஒலிக்கற மாடலைப் போட்டு மூணு வாரமா முட்டிக்கிட்டிருக்கேன், வரலை. ‘வால்வு வால்வுதான்’னு சொன்னவங்களையெல்லாம் இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினவன் நான்.

கல்யாண_லீட்
உங்களுக்காவது வால்வு மேல ஆசை. எனக்கு டிஜிட்டல் மேல கோபம். மண்டபத்துல ரிசப்ஷன், பாட்டு நல்லா சூடு பிடிச்சு, இன்டர்லூட்ல என்னோட லீட் வர்ற இடம். சரியா அங்க கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்க நாலு செகண்ட் ஆகியிருக்கும். டிரம்ஸ் நிக்கலை, பாட்டும் நிக்கலை, கீபோர்டுக்காரர் யுபிஎஸ் வெச்சிருந்தார். என் மாடலர், அதான் என் டிஜிட்டல் ஆம்ப், மட்டும் ஸ்க்ரீன்ல கம்பெனி லோகோவைக் காட்டிக்கிட்டு, ஒரு கோடு மெதுவா வலதுபக்கம் ஊர்ந்துக்கிட்டு... முழுசா அரை நிமிஷம். விரல் கம்பி மேல, சத்தம் இல்லை. முன்வரிசைத் தாத்தா ஒருத்தர் எட்டிப் பார்த்து, “தம்பி, கம்பி அறுந்துடுச்சா?”ன்னு கேட்டார். சாதா டிரான்சிஸ்டர் ஆம்ப்பா இருந்தா கரண்ட் வந்த நொடியே பாடியிருக்கும்.

பழைய_கோரஸ்
நான் ரிகர்சல் ஹாலில் ரோலண்ட் ஜேசி-120 வாசிக்கிறவன். 1975-ல் வந்த டிசைன், டிரான்சிஸ்டர், ரெண்டு 12 இஞ்ச் ஸ்பீக்கர். ஒரு மழைக்கு ஓடு ஒழுகி, அதன் மேலேயே ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கிறது. காலையில் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாலு நாள் ஃபேன் காற்றில் காயவைத்துப் போட்டோம், பாடியது. என் கதை அவ்வளவுதான்.

மாடிரூம் சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் மயங்கியது வால்வில் பாதி, சத்தத்தில் பாதி. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு அடிக்குரலும் உச்சக்குரலும் சரியாக எட்டாது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஸ்டூடியோவில் சுவர் அதிரக் கேட்டதை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து கேட்டால் எந்த மாடலும் செத்துத்தான் கிடக்கும். 22 வாட் ‘தான்’ என்கிறீர்களே, காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 22-க்கும் 100-க்கும் நீங்கள் நினைக்கிற தூரம் இல்லை. மற்றபடி, வால்வில் ஒலி மெல்ல மெல்ல வளைந்துதான் உடையும், டிரான்சிஸ்டரை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் ஒலியைக் கத்தியால் நறுக்கியதுபோல் வெட்டும். அது உண்மைதான், மறுக்கவில்லை. டீலக்ஸில் ஏசி கரண்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையரும் வால்வு (ஜிஇசட்34), ஓங்கி அடித்தால் வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து எழும். விரலுக்கு அடங்குகிறது என்று தோன்ற அதுவும் ஒரு காரணம். ஆனால் இப்போதைய மாடல்கள் இதையும் கணக்கில் போடுகின்றன. உங்கள் செட்டிங்கில் நாய்ஸ் கேட், அதாவது இரைச்சல் வராமலிருக்கச் சின்னச் சத்தத்தை அடைக்கிற வசதி, ஓடுகிறதா என்று பாருங்கள். கரகரப்பைக் கூட்டும் கெயினை இறக்குங்கள், மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை ஏற்றுங்கள், வீட்டில் ஆள் இல்லாதபோது ஒருமுறை முழுசாகத் திறந்து வாசியுங்கள். அதன் பிறகு பேசலாம்.

யாழ்_டொராண்டோ
வாட்டுக் கணக்கு எனக்கு வேண்டாம் அண்ணை, வோல்ட்டுக் கணக்கிலதான் நான் அழிஞ்சனான். ஊருக்குப் போகேக்க சின்ன வால்வ் ஆம்ப் ஒண்டைக் கொண்டுபோனனான். இஞ்ச 120, அங்க 230. பிளக் அடாப்டர் போட்டால் காணுமெண்டு நினைச்சன். பியூஸ் போச்சு. மச்சான் சிகரெட் பெட்டிக்குள்ள இருந்த வெள்ளித்தாளைச் சுத்திப் போட்டான். வால்வெல்லாம் ஒருநாளும் இல்லாத மாதிரி வெள்ளையா எரிஞ்சுது. நாங்கள் ரெண்டு பேரும் வடிவா இருக்கெண்டு பார்த்துக்கொண்டு நிண்டம். பிறகு மீன் கருகின மணம். அம்மா குசினிக்கு ஓடினவ.

சால்டர்_கடை
வெள்ளித்தாள்! தம்பி, பியூஸ் சாகிறதே டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாத்தத்தான். வீடு எரியாம தப்பிச்சீங்களே, அதுவரைக்கும் புண்ணியம்.

எனக்கு நடந்தது: வால்வு ஆம்ப் ஒண்ணு வேலைக்கு வந்தது. பிளக்கைப் பிடுங்கிட்டேன், டீயும் குடிச்சிட்டு வந்துட்டேன். இடது கை இரும்புச் சட்டத்துல, வலது கை விரல் கரண்டைச் சேர்த்து வெச்சிருக்கற கண்டென்சர் கால்ல. அடுத்து நினைவிருக்கறது, நான் தரையில உக்காந்திருக்கேன், கடைப்பையன் தண்ணி நீட்டறான். நாக்குல ஒரு வாரம் இரும்பு ருசி.

இந்த ஆம்ப்களோட கண்டென்சர்ல 400 வோல்ட்டுக்கு மேலேயும் நிக்கும், ஆஃப் பண்ணின பிறகும் நிக்கும். ரெசிஸ்டர் வெச்சு இறக்கணும், ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணக் கூடாது. மீட்டர்ல பூஜ்யம் பார்க்காம கை வைக்கக் கூடாது. ஒரு கை பேன்ட் பாக்கெட்ல இருக்கணும். யாரும் கேக்கலை, இருந்தாலும் இன்னொண்ணு: வால்வு ஆம்பை ஸ்பீக்கர் கழட்டிட்டு ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடலாம். டிரான்சிஸ்டர்ல நேர்மாறு, ஸ்பீக்கர் இல்லேன்னா அது பாட்டுக்குச் சும்மா இருக்கும், ஒயர் ஷார்ட் ஆனாதான் சாகும். ரெண்டுத்தையும் மாத்திப் புரிஞ்சிக்கிட்டு வர்றவங்களாலதான் என் கடை ஓடுது. கல்யாண தம்பி, நீங்களும் ஒரு யுபிஎஸ் வாங்கிடுங்க.

மாடிரூம்_ஸ்ட்ராட்
கோரஸ் சார், நாய்ஸ் கேட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான் மெல்ல தடவறதையெல்லாம் அதுதான் முழுங்கியிருக்கு. அணைச்சுட்டு, ஞாயித்துக்கிழமை எல்லாரும் கல்யாணத்துக்குப் போனதும் முழுசா திறந்தேன். அழுத்தினா உடையுது, தடவினா தெளியுது. முக்கால்வாசி வந்துடுச்சுன்னு ஒத்துக்கறேன். மீதிக் கால்வாசிக்கு அந்த டீலக்ஸோட விலையை விசாரிச்சேன். அதைப் பத்தி இங்க யாரும் கேக்காதீங்க.

கல்யாண_லீட்
யுபிஎஸ் வாங்கியாச்சு அண்ணே. நேத்து கச்சேரியில கரண்ட் ரெண்டு தடவை போச்சு, மாடலர் அசையலை. கம்பிதான் அறுந்துடுச்சு.