கட்டியே தெரியவில்லை என்கிறார்கள், அப்புறமும் ஏன் ஆபரேஷன்? (நெதர்லாந்து 'க்ராஸ்' ஆய்வு பற்றி)

ஏலக்காய்மகன் கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 64 வயது. போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். பொங்கல் முடிந்த வாரம் இட்லி நெஞ்சில் நிற்கிறது என்றார். தண்ணீர் குடித்துத் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாசி பிறப்பதற்குள் கஞ்சியும் நிற்க ஆரம்பித்தது. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய் என்று வந்தது.

'க்ராஸ்' முறை என்று சொல்லித்தான் சிகிச்சை ஆரம்பித்தார்கள். 5 வாரம், வாரம் ஒரு கீமோ, திங்கள் முதல் வெள்ளி வரை ரேடியேஷன், மொத்தம் 23 தடவை. முடிந்து 6 வாரம் ஆகிறது. இப்போது இட்லி இறங்குகிறது. போன வாரம் எண்டோஸ்கோபி பார்த்துவிட்டு "கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றவர்களே ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். "இல்லாத கட்டிக்கு எதுக்குடா நெஞ்சைத் திறக்கணும்?" என்கிறார் அப்பா. நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

2012இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பிடித்தேன். எழுதியவர்களில் வான் லான்ஸ்கோட் என்று ஒரு சர்ஜன். அதில் இருந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பாவுக்கு வந்த வகையே இல்லை. அது எங்களுக்குப் பொருந்துமா? ஆபரேஷன் கட்டாயம் என்று அவர் சொல்கிறாரா, இல்லையா?

நைட்டூட்டி_பிஜி பதில்:

சார், நான் சர்ஜரி மேற்படிப்பு இரண்டாம் வருடம். போன மாதம் ஜர்னல் கிளப்பில் இதே கட்டுரையைப் பேசப் போய், உங்களுடைய இதே கேள்விக்கு முழித்துத் திட்டு வாங்கினேன். அதனால் இப்போது எனக்கு மனப்பாடம். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. கட்டுரைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் க்ராஸ். 2004 முதல் 2008 வரை நெதர்லாந்தில் சேர்த்தவர்களில் கணக்கில் எடுத்தது 366 பேர். பாதிப் பேருக்கு நேராக ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதலில் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல், கூடவே 41.4 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு) ரேடியேஷன், அப்புறம் ஆபரேஷன். முதல் வகையில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 24 மாதம், இரண்டாவதில் 49.4 மாதம். வெட்டி எடுத்த விளிம்பில் நோய் இல்லாமல் வந்தது 69 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாகக் கூடியது. ஒன்று கவனிக்க வேண்டும்: இரண்டு பக்கமும் ஆபரேஷன் உண்டு. "ஆபரேஷன் தேவையா" என்பது இந்த ஆய்வின் கேள்வியே இல்லை. "ஆபரேஷனுக்கு முன்னால் இதைக் கொடுத்தால் நல்லதா" என்பதுதான் கேள்வி. நான் திட்டு வாங்கியது இந்த இடத்தில்.

வகை விஷயம். அங்கே 75 சதவீதம் அடினோகார்சினோமா (சுரப்பி செல்களில் வரும் வகை), 23 சதவீதம்தான் ஸ்குவாமஸ் (குழாயின் உள்தோல் செல்களில் வரும் வகை). நம் ஊர் வார்டில் அப்படியே தலைகீழ், இங்கே ஸ்குவாமஸ்தான் அதிகம். ஆனால் அந்தச் சிறு கூட்டத்துக்குத்தான் பலன் கூடுதல். 2015இல் வந்த நீண்டகாலக் கணக்கில் ஸ்குவாமஸ்காரர்களின் இடைநிலை ஆயுள் 21.1 மாதத்திலிருந்து 81.6 ஆனது. அடினோவுக்கு 27.1 இலிருந்து 43.2. எண்ணிக்கை குறைவு என்பதால் 81.6ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எங்கள் சீஃப் சொல்வார். ஆனால் ஸ்குவாமஸ்காரர்களை மட்டுமே வைத்துச் சீனாவில் 451 பேரிடம் செய்த ஆய்வும் (மருந்து வேறு) இதே திசையில்தான் வந்தது. அதனால் பொருந்துமா என்ற கவலையை விடுங்கள். இப்போது குழப்பம் இருப்பது அடினோ பக்கம். அதற்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துக் கீமோவே மேல் என்று ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டிவிட்டது. உங்கள் அப்பாவுக்கு அது சம்பந்தமில்லை.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. நியாயமான கேள்வி சார். க்ராஸில் கீமோ, ரேடியேஷன் முடித்து வெட்டி எடுத்த குழாயை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஸ்குவாமஸ்காரர்கள் 37 பேரில் 18 பேருக்கு ஒரு செல்கூட மிஞ்சவில்லை. பாதிப் பேர்! அந்தப் பாதிக்கு ஆபரேஷன் வீண் என்று அன்றே தோன்றியிருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், வெட்டிப் பார்த்த பிறகுதான் யார் அந்தப் பாதி என்று தெரிகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று. 2002இல் இதே வான் லான்ஸ்கோட், ஆம்ஸ்டர்டாமில் இருந்தபோது, 220 பேரை வைத்து, நெஞ்சைத் திறந்து எடுப்பதா, திறக்காமல் கழுத்து, வயிறு வழியாக எடுப்பதா என்று ஒப்பிட்டார். அதாவது எப்படி வெட்டுவது என்ற கேள்வி. 2012இல் வெட்டும் முன் என்ன செய்வது என்ற கேள்வி. அப்புறம் ராட்டர்டாமில் அவரும் சக சர்ஜன்களும் கேட்டது: வெட்டத்தான் வேண்டுமா? கத்தி பிடித்தே பெயர் வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது?

அதற்காக 2018இல் ஒரு முன்னோட்ட ஆய்வு வந்தது. சாதாரண பயாப்ஸி எடுத்தால், கணிசமாக மிஞ்சியிருக்கும் கட்டிகளில் 31 சதவீதத்தைத் தவறவிடுகிறோம். கிள்ளிய இடத்திலேயே மறுபடி ஆழமாகக் கிள்ளி, சந்தேகமான நெறிக்கட்டிகளில் ஊசி போட்டும் பார்த்தால் அது 10 சதவீதமாகக் குறைகிறது. காரணம் எளிது. மேல்தோல் ஆறிவிடும், மிச்சம் அடியில் ஒளிந்திருக்கும். "கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதன் மதிப்பு அவ்வளவுதான்.

கடைசியாக 2025இல் 'சானோ' என்ற ஆய்வு. 12 மருத்துவமனைகள், 309 பேர். 6 வாரத்தில் ஒரு முறை, 12 வாரத்தில் மறுபடி என இரண்டு சோதனையிலும் தேறியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான ஆபரேஷன், மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். 2 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கண்காணிப்பில் 74 சதவீதம், ஆபரேஷனில் 71. கிட்டத்தட்டச் சமம். ஆனால் கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பி வந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள். ஆகவே அது "ஆபரேஷன் வேண்டாம்" என்கிற வழி இல்லை சார். "தேவைப்படும் அன்று செய்வோம்" என்கிற வழி. முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி, ஸ்கேன் என்று ஓட வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆபத்து.

வேம்பு77 பதில்:

எங்கள் மாமா ரேடியேஷனோடு நிறுத்திக்கொண்டார். மூன்று வருடமாகத் தோட்டத்துக்குப் போய் வருகிறார். இவர்களுக்கு வெட்டினால்தான் காசு. அப்பா சொல்வதைக் கேளுங்கள்.

நைட்டூட்டி_பிஜி பதில்:

மாமா நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் நிறுத்தியது க்ராஸ் அளவிலா, அதைவிடக் கூடுதலான முழு அளவு ரேடியேஷனிலா? ஆபரேஷன் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்தால் 50 கிரே அல்லது அதற்கு மேல் கொடுப்பது வழக்கம். ஏலக்காய்மகன் சாரின் அப்பாவுக்கு 23 தடவை என்றால் அது ஆபரேஷனுக்கு முந்தைய அளவு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

மூன்றுதலையணை பதில்:

தம்பி, எனக்கு இந்த ஆபரேஷன் ஆகி ஆறு வருடம். வயிற்றைக் குழாய் மாதிரி தைத்து மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள். படுத்தால் எதுக்களிக்கும், அதனால் இந்தப் பெயர். ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லி, நாளைக்கு ஆறு வேளை. முதல் மூன்று மாதம் ஏன்டா ஒத்துக்கொண்டோம் என்று அழுதேன். இப்போது பேத்தியைப் பள்ளியில் விட்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்: அந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்கிறார்கள்? கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, என் மகள் கேட்டாள்.

நைட்டூட்டி_பிஜி பதில்:

ஐயா சொன்னதற்கும் வான் லான்ஸ்கோட்டிடம் கட்டுரை இருக்கிறது! 2001. நெதர்லாந்தில் வருடத்துக்குப் பத்துக்குள் இந்த ஆபரேஷன் செய்த மருத்துவமனைகளில் இறப்பு 12.1 சதவீதம், ஐம்பதுக்கு மேல் செய்த இடத்தில் 4.9. பிற்பாடு அந்த நாட்டில் குறைந்தபட்ச எண்ணிக்கை என்றே விதி போட்டுவிட்டார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள் சார். போன வாரம் பயாப்ஸி எடுத்தார்களா, எடுத்திருந்தால் ஆழமாகவா என்பதையும் கேளுங்கள்.

ஏலக்காய்மகன் பதில்:

எல்லோருக்கும் நன்றி. இன்று போய்க் கேட்டேன். போன வாரம் பயாப்ஸியே எடுக்கவில்லை, பார்த்தது மட்டும்தான். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன், உட்காரச் சொல்லிப் பொறுமையாகத்தான் பேசினார். வருடத்துக்கு முப்பதுக்குக் குறையாமல் செய்கிறார்களாம். 3 மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்து போக முடியுமா என்று அப்பாவிடமே கேட்டார். போடியிலிருந்து பஸ், லாட்ஜ், மண்டியில் லீவு எல்லாவற்றையும் அப்பா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். வியாழக்கிழமை ஆழமான பயாப்ஸியும் பெட் ஸ்கேனும். ஆபரேஷன் தேதியை அதுவரை அப்படியே வைத்திருக்கச் சொன்னது அப்பாதான்.