முகத் தோலை இறுக்கும் ஆபரேஷன்: செய்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் களியக்காவிளைப் பக்கம். சித்திக்கு 58 வயது. கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்து இழுத்துப் பார்க்கிறார். அவர் ஆசைப்படுவது நல்லபடியாக நடக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். காதுக்கு முன்னும் பின்னும் கீறி, உள்ளே தசைப் படலத்தையும் இழுத்துத் தைப்பார்களாம்.

எனக்குப் பயமே பிரஷரை நினைத்துத்தான். அது ஏறினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும், முதல் 24 மணி நேரம் கவனம் என்றார் டாக்டர். இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினையும் நாமாக நிறுத்தக் கூடாதாம். சரி. முக நரம்பில் அடிபட்டால் வாய் கோணுமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

செய்துகொண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். எத்தனை நாள் அங்கேயே தங்கினீர்கள்? காதோர மரமரப்பு எப்போது போனது? அப்புறம், திரும்பி வர பஸ் போதுமா, கார்தான் வேண்டுமா?