பாலை விட நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம். பிறந்ததிலிருந்து சைவம். உயிர்க்கொலை கூடாது என்றுதான் கறி, முட்டை தொடுவதில்லை. ஆனால் பசு கன்று ஈன்றால்தான் பால். காளைக்கன்று பால் தராது, டிராக்டர் வந்தபின் உழவுக்கும் அதிகம் வேண்டியதில்லை. பல கன்றுகள் அடிமாடாகப் போகின்றன, பால் வற்றிய பசுக்களும் அப்படியே. இது தெரிந்தும் முட்டையை மறுத்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட மனம் ஒப்பவில்லை.

நனிசைவத்துக்கு (பால், நெய், தேன் என விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத உணவுமுறை) மாறியவர்கள் சொல்லுங்கள். வேர்க்கடலைப் பாலில் தயிர் கெட்டியாக உறைய என்ன செய்கிறீர்கள்? உறைமோர் இல்லாமல் மிளகாய்க் காம்பு மட்டும் போதுமா? தாவர உணவில் வைட்டமின் பி12 கிடைக்காதே, மாத்திரைதான் எடுக்கிறீர்களா?

எனக்குப் பெரிய சிக்கல் அம்மாதான். பழநி பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. பிரசாதம் என்று கையில் தந்தால் அவர் மனம் நோகாமல் எப்படி மறுக்கிறீர்கள்?