திரையோடு வளரும் பிள்ளைகள்: உங்கள் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

நெல்லை அத்தை:
என் தம்பி மகனுக்கு ஐந்து வயது. எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னும் வரவில்லை. ஆனால் கைப்பேசியில் மைக் படத்தைத் தொட்டு, வேண்டியதை வாயால் கேட்கத் தெரியும். 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை தாக்கியதில் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சில நாள் கழித்து, வழக்கம்போல அவன் "திருச்செந்தூர் யானை காட்டு" என்று கேட்டிருக்கிறான். முன்பெல்லாம் யானை குளிப்பதும் ஆசி வழங்குவதும்தான் வரும். அன்று வந்தது வேறு. நான் அறைக்குள் நுழைந்தபோது அவன் அழவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தை, அந்த மாமா எப்ப எந்திரிப்பாரு?" என்று கேட்டான். தலைப்பைப் படித்து, இது வேண்டாம் என்று விலகும் வாய்ப்பே அவனுக்கு இல்லை என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

கும்பகோணத்துப் பழைய கடைக்காரர்:
நான் பிரவுசிங் சென்டர் நடத்தியவன். 2011-இல் வந்த விதிகள் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும்: கணினிகளுக்கு இடையிலான தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, வருவோர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், பெற்றோரோ பாதுகாவலரோ உடன் வராத சிறுவரைத் தடுப்புக்குள் உட்கார விடக்கூடாது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். சற்று நேரத்தில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "இவர் எங்க சித்தப்பா" என்றான். அந்தச் சித்தப்பா, எனக்கு நாள்தோறும் தேநீர் கொடுக்கும் எதிர்க்கடை டீ மாஸ்டர்! தோளில் துண்டோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். பையன் எதையோ ஒளித்துப் பார்க்கப் போகிறான் என்று நான் எட்டிப் பார்த்தேன். அவன் செயற்கைக்கோள் வரைபடத்தில் ஷார்ஜாவைப் பெரிதாக்கி, வரிசையாகத் தெரிந்த தகரக் கூரைகளில் தன் அப்பா தங்கியிருக்கும் கட்டடம் எது என்று தேடிக்கொண்டிருந்தான். விதிப்படி நான் அவனை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை.

மதுரைப் பொறியாளர்:
நெல்லை அத்தை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சியும் அதே செய்தியைத்தான் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. குரல் தேடலை மட்டும் குற்றம் சொல்வது முறையாகாது. என் அனுபவம் சிறியது. நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன், மதியத் தூக்கத்தில் இருந்த என் கட்டைவிரலை மெல்ல எடுத்து என் கைப்பேசியில் வைத்துப் பூட்டைத் திறந்தான். விழித்துப் பார்த்தபோது அவன் என் விரலைப் பத்திரமாகப் போர்வைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தான்.

ஆகவே எல்லோரும் சில ஏற்பாடுகளைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு வழக்கமான யூடியூபைத் தராமல் யூடியூப் கிட்ஸை நிறுவி, அதிலும் பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டுமே தெரியும் அமைப்பை வைத்துவிட்டால், பிள்ளையால் எதையும் தேடவே முடியாது. அத்தையின் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். வளர்ந்த பிள்ளைகளின் கைப்பேசியில், பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுள் செயலி ஃபேமிலி லிங்க் இருந்தால், புதிய செயலி ஒவ்வொன்றும் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும். நேர வரம்பும் வைக்கலாம். யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகள் எதிரில் அழுத்தாதீர்கள். பணம் பறிபோனால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிள்ளைக்கு வேறு வகையில் தொல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. சட்டமும் நம் பக்கம்தான்: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்க்கத்தக்க வகையில் பெற வேண்டும் என்கிறது. வழிகள் எல்லாம் இருக்கின்றன. பெற்றோர் சற்று முனைந்தால் போதும்.

நெல்லை அத்தை:
எந்தச் செயலியை நிறுவுவது என்று நான் கேட்கவில்லை, தம்பி. அவன் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதே என் கவலை. அதற்கு யாரும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

சிவகாசி ஆசிரியை:
பொறியாளர் ஐயா சொல்லும் ஏற்பாடுகள் அனைத்தும், திரையைப் படிக்கத் தெரிந்த ஒரு பெற்றோர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்ற கணிப்பில் அமைந்தவை. என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார். கையெழுத்து மட்டும் போடுவார். வீட்டில் எரிவாயு உருளை பதிவதும், உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புவதும், அம்மாவின் கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதும் அவள்தான். ஒருநாள் மாலை அம்மாவின் கைப்பேசியோடு என்னிடம் வந்து, பாடச் செயலி ஒன்று திறக்கவில்லை என்று காட்டினாள். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று திரையில் ஆங்கிலத்தில் இருந்தது. நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவளே அம்மாவின் பிறந்த ஆண்டைக் கொடுத்து, வந்த எண்ணைத் தட்டி, 'சம்மதம்' என்ற கட்டத்தில் குறியிட்டு முடித்துவிட்டாள். இது அம்மா செய்ய வேண்டியதாயிற்றே என்றேன். "அம்மாவுக்கு எல்லாத்தையும் நாந்தான் டீச்சர் அமுக்குவேன்" என்றாள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

எண் சரி, ஆண்டு சரி, கைப்பேசியும் தாயுடையதே. யார் சரிபார்த்தாலும் தாய் இசைந்தார் என்றுதான் பதிவாகும். இந்த ஒப்புதலை யாருடையது என்று கொள்வது? பொறியாளர் ஐயா அதைச் சொல்லட்டும்.