பைத்தான்: இரண்டு பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ்) லிஸ்டுக்கு நடுவே ஆண்ட் போட்டால் இரண்டாவது லிஸ்டே திரும்பி வருகிறது

நிலா_7:
வணக்கம். காலை, மாலை இரண்டு வேளையும் வகுப்புக்கு வந்தவர் யார் என்று எடுக்க வேண்டும்.

காலை = [ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ, ட்ரூ]
மாலை = [ஃபால்ஸ், ட்ரூ, ட்ரூ, ஃபால்ஸ்]

'காலை ஆண்ட் மாலை' என்று கொடுத்தால் மாலை லிஸ்ட் அப்படியே வருகிறது. மாற்றிப் போட்டால் காலை லிஸ்ட். எரர் எதுவும் இல்லை. மூன்றாமவருக்கு மட்டும்தானே ட்ரூ வர வேண்டும்?

கோடன்:
ஆண்ட் லிஸ்டுக்குள்ளே எட்டிப் பார்க்காது. இடப்பக்கம் இருப்பது காலி லிஸ்டா என்று மட்டும் பார்க்கும். காலி இல்லையென்றால், உள்ளே எல்லாமே ஃபால்ஸாக இருந்தாலும், அது உண்மைதான். உடனே வலப்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். எரர் வராததுதான் இதில் ஆபத்து. ஜிப் வைத்து ஜோடி ஜோடியாக எடுங்கள்:

[க ஆண்ட் ம ஃபார் க, ம இன் ஜிப்(காலை, மாலை)]

நிலா_7:
வந்துவிட்டது, மிக்க நன்றி அண்ணா! ஆனால் முழு டேட்டாவில் ஓட்டினால் விடை ஒரு ஆள் குறைகிறது.

கோடன்:
இரண்டு லிஸ்டின் நீளமும் ஒன்றா பாருங்கள். சிறியது முடிந்ததும் ஜிப் சத்தமில்லாமல் நின்றுவிடும். பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்குள் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ கொடுக்கலாம்; நீளம் வேறானால் வேல்யூ எரர் வரும். வருகைப் பதிவுக்கு இது கட்டாயம் வேண்டும். நடுவில் ஒரு பதிவு விடுபட்டால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் அடுத்தவர் வருகை ஏறிவிடும். என்னைக் கேட்டால், ரோல் நம்பரைக் கீயாக (தேடி எடுக்கும் அடையாளமாக) வைத்து டிக்‌ஷனரியில் போடுவதே நல்லது.

தரவுப்பிரியன்:
நம்பை (எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகம்) அரே என்றால் ஆண்ட் போட்டதும் வேல்யூ எரர்தான்; அங்கே & போட வேண்டும். ஒப்பீடுகளை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். உதாரணமாக, இரண்டு பாடத்திலும் 35 மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள்: (தமிழ் >= 35) & (கணக்கு >= 35). இல்லாவிட்டால் 35 & கணக்கு முதலில் கணக்கிடப்படும். ட்ரூ, ஃபால்ஸைத் தலைகீழாக்க ~ நம்பை பூலியன் அரேயில் சரி. சாதா பைத்தானில் ~ட்ரூ என்றால் -2 வரும், அதுவும் உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்படும். அங்கே நாட் மட்டும்.

நிலா_7:
ஸ்ட்ரிக்ட் போட்டதும் எரர் வந்தது. மாலைப் பதிவில் ஒருவர் விட்டுப்போயிருக்கிறார், சேர்த்துவிட்டேன். அடுத்த மாதம் மதிய வகுப்பும் வருகிறது. மூன்று லிஸ்ட் என்றால்?

கோடன்:
[ஆல்(வரிசை) ஃபார் வரிசை இன் ஜிப்(காலை, மதியம், மாலை, ஸ்ட்ரிக்ட்=ட்ரூ)]

ஒரு வேளையாவது வந்தால் போதும் என்றால் ஆலுக்குப் பதில் எனி. மூன்றில் இரண்டு வேளை என்றால் சம்(வரிசை) >= 2; ட்ரூ கூட்டலில் 1 ஆகத்தான் சேரும்.