கணையப் புற்றுநோய்ச் சாவு: நம்மிடம் குறைவா, கணக்கில் வரலையா?

சுருளி | இரவு 9.10

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு உலக வரைபடம் சுத்திக்கிட்டிருக்கு. கணையப் புற்றுநோயால சாகிறவங்க எந்த நாட்டுல அதிகம், எங்க கம்மின்னு நிறம் அடிச்சிருக்காங்க. உருகுவே, ஹங்கேரி, செக், ஜப்பான் எல்லாம் கருஞ்சிவப்பு. இந்தியா, வங்கதேசம் வெளிர் மஞ்சள். கீழே யாரோ ஒரு புண்ணியவான் "மஞ்சளும் மிளகு ரசமும் காத்த தேசம்"னு எழுதி விட்டிருக்கார்.

இந்தியாவுல லட்சம் பேருக்கு ஒருத்தர் அளவுதான் இந்த நோயால சாகிறாங்களாம். ஹங்கேரியில அதுக்குப் பத்து மடங்கு கிட்ட. நான் நம்பல. 2020-ல இந்தியாவுல பதிவான இறப்புல டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதம்தான். மிச்ச முக்கால்வாசிப் பேர் எதனால போனாங்கன்னு அரசாங்கத்துக்கே தெரியாது. கணையமோ இரைப்பைக்குப் பின்னால, முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. ஸ்கேன் எடுக்காம அங்க கட்டி இருக்கிறது யாருக்குத் தெரியும்? அந்த வரைபடத்துல சிவப்பா இருக்கிறதெல்லாம் ஸ்கேன் மெஷின் இருக்கிற நாடு. அவ்வளவுதான் என் கட்சி. மறுக்கிறவங்க வாங்க.

பொருநைச்செல்வன் | இரவு 9.41

வந்துட்டேன் அண்ணே. ரசத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரல. ஆனா எண்ணாம விட்டதாலதான் எல்லாம் கம்மியாத் தெரியுதுங்கிறதையும் ஒத்துக்க முடியாது.

இங்கிலாந்துல இருக்கிற தெற்காசியர்களை எடுத்துக்குங்க. வெள்ளைக்காரனுக்கு இருக்கிற அதே என்.எச்.எஸ். அரசு மருத்துவம், அதே ஸ்கேன், அதே பதிவேடு. அங்கயும் வெள்ளைக்காரங்களை விட நம்மாளுங்களுக்கு இந்த நோய் கம்மி. அமெரிக்காவுல இந்திய வம்சாவளிக்கும் அப்படித்தான். மெஷின் இல்லாததுதான் காரணம்னா, மெஷின் இருக்கிற ஊருக்குப் போனதும் எண் ஏறி அவங்களோட சமமாகியிருக்கணுமே?

சுருளி | இரவு 9.58

தம்பி, விசா வாங்கிப் போறவன் யாரு? படிச்சவன், உடம்பு நல்லா இருக்கிறவன், பீடி பிடிக்காதவன். அவனை வச்சு ஆலங்குளத்துல இருக்கிறவனுக்குக் கணக்குப் போடாதீங்க.

பொருநைச்செல்வன் | இரவு 10.07

அமெரிக்காவுக்கு அது சரி. இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு துணி மில்லுல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கப் போனவங்க டாக்டரா, எஞ்சினியரா? கிழக்கு லண்டன்ல இருக்கிற வங்கதேச ஆம்பளைங்க சிகரெட் பிடிக்கிறதுல வெள்ளைக்காரங்களுக்குச் சளைச்சவங்களே இல்ல. பொறுக்கி எடுத்த ஆரோக்கியசாலிங்கன்னு அவங்களைச் சொல்ல முடியாது அண்ணே.

பதிவேட்டுக்காரி | இரவு 10.30

ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

சுருளி சார், நீங்கள் சொன்ன 22.5 சதவீதம் உண்மைதான். ஆனால் அந்த வரைபடத்தில் உள்ள இந்திய எண் இறப்புச் சான்றிதழிலிருந்து மட்டும் வந்ததில்லை. 1981-82-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் இருக்கிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம், மகாராஷ்டிரத்தில் பார்ஷி போன்ற கிராமப்புறம், வடகிழக்கு என்று பல பதிவேடுகள். இவை நோயாளியைத் தேடி ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர் எல்லாம் ஏறி இறங்குகின்றன. நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இவற்றுக்குள் வருகிறது. மிச்சத்துக்கு இதை வைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஓட்டை இல்லையா என்றால், நிறைய. எங்கள் மேசைக்கு வரும் சீட்டு எப்படி இருக்கும் தெரியுமா? "வயது 65, ஆண். காரணம்: இதயமும் மூச்சும் நின்றது. முந்தைய காரணம்: மஞ்சள் காமாலை, ஈரல் செயலிழப்பு." முடிந்தது. இதயம் நிற்காமல் யார் செத்தார்கள்? முகவரியைத் தேடி வீட்டுக்குப் போவோம். அதிர்ஷ்டம் இருந்தால் மருமகள் பீரோ மேலிருந்து ஒரு பழைய ஸ்கேன் கவரை எடுத்துத் தருவார். உள்ளே "கணையத் தலைப்பகுதியில் கட்டி, ஈரலில் பரவல்" என்று இருக்கும். அப்போது அது சி25, அதாவது கணையம். கவர் இல்லை, "ஈரல்ல கேன்சர்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னால் அது ஈரல் கணக்குக்குப் போய்விடும், அல்லது மூலம் தெரியாத புற்று என்று சி80-ல் விழும்.

சென்னையிலேயே 1990-களின் நடுவில் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்த ஆய்வு ஒன்று உண்டு. இறப்புப் பதிவில் காரணம் தெளிவில்லாதவை 37 சதவீதம். வீட்டாரிடம் கேட்ட பிறகு அது 7 ஆகக் குறைந்தது. ஆனால் அப்படிக் கேட்பதில் புற்றுநோய் என்பது வரை தெரியுமே தவிர, கணையமா பித்தப்பையா என்று பிரிப்பது கஷ்டம்.

எனவே குறைத்து எண்ணுகிறோம் என்பது சரி. பத்து மடங்கு வித்தியாசத்தையும் அதன் தலையில் கட்டுவது சரியில்லை. நாங்கள் பாதியைத் தவறவிட்டாலும் இரண்டுதான் வரும், பத்து வராது.

அறுவை மன்னன் | இரவு 11.02

தியேட்டரிலிருந்து இப்போதான் வந்தேன். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிஜமாகவே வயிற்று அறுவை மருத்துவன்.

கட்டி கணையத்தின் தலையில் இருந்தால் பித்தநாளத்தை அடைக்கும். கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும், மலம் களிமண் நிறத்தில் போகும், வலி பெரிதாக இருக்காது. நம் ஊரில் உடனே என்ன செய்வார்கள்? கீழாநெல்லி. தொற்றுக் காமாலை தானாகவே இறங்கும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். இது இறங்காது, ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது வைத்தியரைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும்போது கட்டி ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும். எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே கண்டுபிடிக்கும்போது அறுவைக்குத் தோதாக இருப்பவர்கள் நூற்றுக்கு 15, 20 பேர்தான். கணையத்தின் வாலில் வரும் கட்டி இன்னும் மோசம். மஞ்சளே காட்டாது. முதுகு வலி, எடை குறைவு, அவ்வளவுதான்.

சுருளிக்கு ஒரு சாட்சி தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதியில் பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தைச் சுற்றி வரும் புற்று எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது கணையம், எது பித்தநாளம் என்று தெரியும். அறுக்காதவர்கள் எந்தப் பெட்டியில் விழுந்தார்கள் என்பது எழுதின ஜூனியர் டாக்டரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

யோகோஹாமாவாசி | காலை 6.20

சிவப்பு நிற நாட்டிலிருந்து வணக்கம்.

ஜப்பானில் இப்போது வருஷத்துக்கு 40,000 பேர் கிட்ட இந்த நோயால் சாகிறார்கள். மக்கள்தொகை 12 கோடி சொச்சம். அப்படியே வகுத்தால் லட்சத்துக்கு 32, 33. இந்தியாவோடு ஒப்பிட்டால் பயங்கரம். ஆனால் இங்கே 65 வயதைத் தாண்டியவர்கள் 29 சதவீதம், இந்தியாவில் 7 சதவீதம் அளவுதான். கணையப் புற்று எழுபதை ஒட்டித் தாக்குகிற நோய். ஒரே மாதிரி வயது அமைப்பு இருந்தால் எவ்வளவு என்று சரிக்கட்டிப் பார்த்தால் அந்த 32 பத்துக்கும் கீழே இறங்கிவிடும். வரைபடத்தைப் பகிர்பவர்கள் இது வகுத்த எண்ணா, சரிக்கட்டிய எண்ணா என்று முதலில் பார்க்கட்டும்.

சரிக்கட்டிய பிறகும் ஜப்பான் எண் இந்தியாவை விடப் பல மடங்கு. 1960-ல் இங்கேயும் இது அபூர்வ நோய். அப்புறம் ஏறுமுகம்தான். சி.டி. ஸ்கேன் வந்தது 1970-களில், அதனால் ஒரு பகுதி ஏற்றம் கண்டுபிடிப்பால் வந்தது, சுருளி சார் சொல்வது அதற்குப் பொருந்தும். ஆனால் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு 1961-லேயே வந்துவிட்டது, ஊரெல்லாம் ஸ்கேன் வந்தும் பல பத்தாண்டு ஆகிறது, அதன் பிறகும் எண் இறங்கவில்லை. 1966-ல் ஜப்பான் ஆண்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிகரெட் பிடித்தார்கள். அந்தப் புகைக்கு வட்டி கட்டுகிறார்கள்.

சுருளி | காலை 7.45

புகையிலைன்னு சொன்னீங்களே, அங்கதான் என் பிடி. 2007-ல லியோனில இருக்கிற உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, வாயில போட்டு மெல்லுற புகையிலையும் கணையப் புற்றுக்குக் காரணம்னு எழுதிட்டாங்க. உலகத்துலயே அதிகமா மெல்லுறது யாரு? நாமதான். வாய்ப் புற்றுல நாமதான் முன்னால. அப்ப கணையம் மட்டும் எப்படிக் கடைசியில நிக்குது? வாயில வந்தா கண்ணுக்குத் தெரியும், வயித்துல வந்தா தெரியாது. என் கட்சிக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?

பொருநைச்செல்வன் | காலை 8.15

நல்ல கேள்வி அண்ணே, ஆனா அந்த முடிவுக்கு ஆதாரம் பெரும்பாலும் நார்வே, சுவீடன் பக்கத்துல உதட்டுக்குள்ள அடக்கி வைக்கிற 'ஸ்னூஸ்'ங்கிற ஈரப் புகையிலைத்தூள் ஆய்வுங்கதான். அப்புறம் 2017-ல சுவீடன்ல ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப அந்தத் தொடர்பு தெரியல. மெல்லுற புகையிலை கணையத்தை எவ்வளவு பாதிக்குதுங்கிறதே இழுபறியில இருக்கிற வழக்கு. அதை வச்சு இந்தியக் கணக்கு பொய்னு தீர்ப்பெழுத முடியாது.

இழுத்து விடுற புகைக்குத்தான் சந்தேகமில்லாத ஆதாரம். பிடிக்கிறவனுக்கு ஆபத்து இரண்டு மடங்கு கிட்ட. அமெரிக்க ஆம்பளைங்களைப் பாருங்க. 1965-ல பாதிப் பேர் பிடிச்சாங்க, அப்புறம் விட்டாங்க. 1970-கள்லேர்ந்து அவங்க கணையப் புற்றுச் சாவு மெல்லக் குறைஞ்சது. 2000-க்கு அப்புறம் திரும்ப லேசா ஏறுது. புகை குறைஞ்சும் ஏறுதுன்னா சந்தேகம் தொப்பை மேலயும் சர்க்கரை மேலயும்தான்.

டெக்சாஸ் வாத்தியார் | காலை 8.40

ஒரே ஒரு விஷயம். இங்கே கறுப்பினத்தவருக்கு வெள்ளையரை விட இந்தச் சாவு அதிகம். மிசிசிப்பி, லூசியானா பக்கம் எண் தூக்கலாகவே இருக்கும். வைத்தியம் கிடைக்காததுதான் என்று மார்பகப் புற்றுக்குச் சொல்வது போல இதற்கு முழுசாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் வைத்தியம் கிடைத்தவரும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஐந்து வருஷம் தாண்டுபவர்கள் அமெரிக்காவிலேயே 13 சதவீதம். 2022-ல் உலகம் முழுக்க 5,11,000 பேருக்கு வந்தது, 4,67,000 பேர் செத்தார்கள். இந்த நோயில் சாவு எண்ணைப் பார்த்தாலே வந்தவர்கள் எண்ணைப் பார்த்த மாதிரிதான்.

பதிவேட்டுக்காரி | காலை 10.05

இதுவரை யாரும் தொடாத ஒன்று: "இந்தியா குறைவு" என்ற சராசரிக்கு அடியில் கேரளம் இருக்கிறது. கணையத்தில் கல் கட்டும் ஒரு நாள்பட்ட அழற்சி, புத்தகங்களில் 'டிராபிக்கல் பேன்கிரியாடைட்டிஸ்' என்பார்கள். குடிப்பழக்கமே இல்லாத, ஒல்லியான, ஏழைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதில் வயிற்று வலி, இருபதுகளில் சர்க்கரை. கேரளத்தில் 1960-களிலிருந்து மருத்துவர் கீவர்கீஸ் இதை விரிவாக எழுதினார். மரவள்ளிக் கிழங்கின் மீது பழி போட்டார்கள், பிறகு அது நிற்கவில்லை. மரபணுக் காரணங்கள் முன்னுக்கு வந்தன.

சென்னையில் இப்படிப்பட்ட 185 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றால் இறந்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து 100 மடங்கு, அதுவும் நாற்பதுகளிலேயே. நாடு முழுவதற்கும் ஒரே வெளிர் மஞ்சளைப் பூசிவிட்டால் இவர்கள் எங்கே தெரிவார்கள்?

அறுவை மன்னன் | பகல் 1.20

அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சுரேஷ் சாரி. பிறகு அமெரிக்காவில் மேயோ கிளினிக்கிலிருந்து 2005-ல் இன்னொன்று செய்தார். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்த 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று வருஷத்துக்குள் கணையப் புற்று தெரிந்தது. நூற்றுக்கு ஒருவரைவிடக் கொஞ்சம் குறைவு. அதற்காகச் சர்க்கரை வந்த எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ஐம்பதைத் தாண்டி, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், எடையும் இறங்கிக்கொண்டே திடீரென்று சர்க்கரை வந்தால் மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள் என்றுதான் என் ஜூனியர்களிடம் சொல்வேன்.

பொருநைச்செல்வன் | மாலை 5.50

ஏறுமுகம் பத்தி ஒரு எண். 1990-ல உலகத்துல இதனால செத்தவங்க 1,96,000. 2017-ல 4,41,000. தலைப்புச் செய்தியில "இரண்டு மடங்குக்கு மேல்"னு அலறுவாங்க. வயசைச் சரிக்கட்டினா ஏற்றம் பத்து சதவீதம் கிட்டதான். மிச்சமெல்லாம் ஜனத்தொகை கூடுனதும் ஆயுசு கூடுனதும். நாளைக்குத் தமிழ்நாட்டுலயும் இதேதான் நடக்கும், வயசானவங்க கூடக் கூட எண் ஏறும். அப்ப இதே வாட்ஸ்அப்ல "பிராய்லர் கோழிதான் காரணம்"னு வரும் பாருங்க.

சுருளி | மாலை 6.30

கோழிக்கு அப்புறம் வர்றேன். மூலம் தெரியாத புற்றுன்னு தனி டப்பா வச்சிருக்கேன்னு பதிவேட்டம்மாவே ஒத்துக்கிட்டாங்க. வருஷா வருஷம் அந்த டப்பா காலியாக ஆக கணைய எண் ஏறுச்சுன்னா, ஜெயிச்சது நான். சரிதானே?

பதிவேட்டுக்காரி | இரவு 7.15

பாதி சரி. அப்படி மாறினால் எழுபதைத் தாண்டியவர்களிடம்தான் ஏற்றம் அதிகம் தெரியும். முன்பு ஸ்கேன் எடுக்காமல் விட்டது அவர்களைத்தான். 45-லிருந்து 55 வயதுக்காரர்களை முன்பிருந்தே ஓரளவு ஒழுங்காகச் சோதித்து வந்திருக்கிறோம். அந்த வயதிலும் தலைமுறைக்குத் தலைமுறை கூடினால் அது நிஜ நோய். மொத்த எண்ணை வைத்துச் சண்டை போடாமல் வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுருளி | இரவு 7.22

அப்ப அந்த வயசுவாரி அட்டவணையைக் கொண்டாங்க. நகரத்துக்குத் தனியா, பார்ஷி மாதிரி கிராமத்துக்குத் தனியா. அதுவரைக்கும் குடும்பக் குழுவுல அந்த வரைபடத்துக்குக் கீழ "நம்பாதீங்க"ன்னுதான் போட்டுக்கிட்டிருப்பேன்.